நம் தென்னாட்டில் எரிமலை உண்டா?

2025ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் எத்தியோப்பிய நாட்டில் ஹைலி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. அதற்கு முன் அம்மலை வெடித்ததாக வரலாற்றில் பதிவு இல்லை. அதிலிருந்து எழுந்த சாம்பற் புகை செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் நாடுகளின் மேலாகப் பரவி, மறுநாளே வட இந்திய வானத்தை எட்டிற்று. விமானப் பயணங்கள் சில நிறுத்தப்பட்டன. வளைகுடா நாடுகளில் மக்களையும் உறவினரையும் உடைய நம்மவர்க்கு இச்செய்தி எங்கோ தொலைவில் நடந்த ஒன்றாகத் தோன்றவில்லை.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் ஒரு வினாவும் உடன் எழுகிறது: "அங்கே நேர்ந்தது இங்கே நேராதா?" கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்போரும், சாலைக் கடைத்தெருவில் சாமான் வாங்குவோரும் இதைப் பேசுவது இயல்பே. நம்மிற் பலர் திருநெல்வேலி, தென்காசி, நாகர்கோவில் பக்கங்களிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். 1998ஆம் ஆண்டில் திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் தரை உருகிக் கறுத்த கண்ணாடி போன்ற பொருள் வெளிவந்தது என்ற செய்தியையும், "பூமிக்குள் எரிமலை விழித்துவிட்டது" என்று அப்போது எழுந்த பேச்சையும் மூத்தோர் மறந்திரார். ஆகவே எரிமலை எவ்வாறு பிறக்கிறது, நம் தென்னாட்டில் அது இருந்ததுண்டா, இனி வருமா என்பனவற்றைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

உருகாத உஷ்ணம்

பூமியின் உட்புறம் முழுவதும் நெருப்புக் கடல் என்றும், மேலோடு அதன்மீது மிதக்கும் ஆடை என்றும் பலர் எண்ணுகின்றனர். இது பிழை. நாம் நிற்கும் மேலோட்டின் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பது பெரும்பாலும் திடமான பாறையே. ஆழம் செல்லச் செல்ல உஷ்ணம் மிகுகிறது. மேலோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை ஏறுகிறது. நூறு, இருநூறு கிலோமீட்டர் ஆழத்தில் உஷ்ணம் 1,300 டிகிரியை எட்டுகிறது. தரையின் மேல் அத்துணை உஷ்ணத்தில் அப்பாறை உருகத் தொடங்கிவிடும். ஆழத்திலோ உருகுவதில்லை. காரணம் யாது?

அழுத்தமே காரணம். மேலே குவிந்திருக்கும் பாறையின் பாரம் கீழுள்ள பாறையை இறுக்கிப் பிடித்து, உருகவிடாமல் தடுக்கிறது. இவ்வுண்மைக்கு ஒப்பானதை நம் வீட்டுச் சமையலறையிலேயே காணலாம். திருவனந்தபுரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. காற்றின் அழுத்தம் குறைந்த உதகமண்டலத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் மிகுதியாதலால் நூறு டிகிரியைத் தாண்டியும் நீர் நீராகவே நிற்கிறது. அந்த அழுத்தத்தைத் திடீரென விடுவித்தால், மேலும் தீ மூட்டாமலே உள்ளிருக்கும் நீர் பொங்கி எழுகிறது. ஆழத்துப் பாறையும் அத்தகையதே. அதற்குப் புதிய நெருப்பு வேண்டுவதில்லை. மேலிருக்கும் பாரம் குறைந்தாற் போதும், அதன் ஒரு சிறு பகுதி உருகிக் குழம்பாகிவிடும்.

விரிவு காரணம், பிளவு வழி

பாரம் எவ்வாறு குறையும்? பரோட்டாவுக்குப் பிசைந்த மாவை இரு கையாலும் இருபுறமும் இழுத்துப் பாருங்கள். நடுவில் அது மெலிகிறது. பூமியின் மேலோடும் பெருவிசைகளால் இருபுறமும் இழுக்கப்படும்போது நடுவில் மெலிந்து தாழ்கிறது. மெலிந்த இடத்தை நிரப்பக் கீழிருக்கும் சூடான பாறை மெல்ல மேலெழுகிறது. எழுந்து வருகையில் அதன் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. எனவே உருகத் தொடங்குகிறது. உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையினும் எடை குறைந்தது. ஆதலின் மேலே ஏற முயல்கிறது. ஏறுவதற்கு ஒரு வழி வேண்டும்.

அந்த வழியைத் தருவன பிளவுகள். பழைய வேட்டி ஒன்றை இழுத்தால் அது எங்கே கிழிகிறது? நெடுநாள் மடித்து வைத்த மடிப்பிலேதான். பூமியும் அப்படியே. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இரு நிலப்பகுதிகள் ஒன்றையொன்று உராய்ந்து நகர்ந்த இடங்களில் பாறை நொறுங்கியும் இழுபட்டும் வலுவிழந்து கிடக்கும். பின்னர் எப்போதேனும் அந்நிலம் இழுவிசைக்கு உட்பட்டால், புதிய இடத்தில் உடைவதைவிடப் பழைய வடுவிலே வாய் திறப்பதே எளிது. அவ்வாறு திறந்த வாயின் வழியே குழம்பு சுவர்போல் நெடுக ஏறுகிறது. அதில் கரைந்திருந்த வாயுக்கள், கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளியதும் பொங்குவதுபோல், மேற்பரப்பை நெருங்கியதும் நுரைத்துச் சீறுகின்றன. எரிமலை பிறந்துவிடுகிறது.

இங்கே ஒன்றை நேயர்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டுகிறோம். பிளவு, வழி மட்டுமே. குழம்பை உண்டாக்குவது அதுவன்று. நிலம் விரிந்து அழுத்தம் குறைதலே காரணம். பழம்பிளவு இருக்கும் இடமெல்லாம் எரிமலை வரும் என்பது, கதவுள்ள வீட்டிலெல்லாம் விருந்தினர் இருப்பர் என்பதை ஒக்கும்.

எரிமலைக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஒன்று, பூமியின் ஆழத்திலிருந்து மிகச் சூடான பாறை தூண்போல் எழுவது. மற்றொன்று, கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழே புதைந்து செல்லும்போது நீரையும் உடன் கொண்டுசெல்வது. வெல்லத்தில் சிறிது நீர் தெளித்தால் குறைந்த சூட்டிலேயே பாகாவதுபோல, நீர் சேர்ந்த பாறையும் குறைந்த உஷ்ணத்தில் உருகிவிடுகிறது.

ஆப்பிரிக்காவில் இன்று காண்பது

விரிவினால் எரிமலை பிறப்பதைக் கண்ணாரக் காணவேண்டுமாயின் கிழக்கு ஆப்பிரிக்காவையே நோக்க வேண்டும். செங்கடலின் தென்கோடியருகே அஃபார் என்னும் பாலைநிலம் உளது. அரேபியா, கிழக்கு ஆப்பிரிக்கா, ஏனைய ஆப்பிரிக்கா ஆகிய மூன்று தட்டுகள் அங்கே ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. விலகும் வேகம் மிகச் சிறியது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு செண்டிமீட்டர் வரையே. ஆனால் நெடுநாள் சேர்ந்த இழுவிசை ஒரே சமயத்தில் வெளிப்படுவதுண்டு. 2005ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அங்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்குள் குழம்பு பாய்ந்து, சில இடங்களில் நிலம் 8 மீட்டர் அளவு விரிந்தது. இவ்வளவும் சில நாட்களிலே நிகழ்ந்தது. முதலிற் சொன்ன ஹைலி குப்பியும் இதே அஃபார் நிலத்ததே.

அதற்குத் தெற்கே, தான்சானியா நாட்டில் ஓல் டோய்னியோ லெங்காய் என்னும் மலை உண்டு. மற்ற எரிமலைகள் மணற்சத்து மிகுந்த குழம்பைக் கக்க, இதுவோ சுண்ணாம்பு, சோடா போன்ற கார்பனேட்டுச் சத்து மிகுந்த குழம்பைக் கக்குகிறது. அத்தகைய குழம்பைக் கக்கும் எரிமலைகளுள் இன்று உயிரோடிருப்பது உலகில் இஃது ஒன்றே. அதன் உறவினர் நம் தமிழ்நாட்டிலும் உளர் என்றால் நேயர்கள் வியப்படையலாம்.

மெயில் வண்டிப் பாதையிலே

திருவனந்தபுரத்திலிருந்து சென்னை மெயிலில் செல்வோர் பாலக்காடு, கோவை, ஈரோடு, சேலம் கடந்து ஜோலார்பேட்டையை அடைகின்றனர். பெரும்பாலோர் அவ்வழியை உறக்கத்திலேயே கழித்துவிடுவதுண்டு. ஜோலார்பேட்டையின் அருகே உயர்ந்து நிற்பது ஏலகிரி மலை. அம்மலையின் பாறையும், திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் உள்ள கார்பனேட்டுப் பாறையும் ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலிருந்து குழம்பாக ஏறி வந்து இறுகியவை. லெங்காய் மலை இன்று கக்கும் குழம்பும் இச்சேவத்தூர்ப் பாறையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தருமபுரிப் பகுதியினூடே வடகிழக்கு தென்மேற்காக ஓடும் பழம்பிளவுகளின் வரிசையிலே இத்தகைய பாறைகள் அங்கங்கே அமைந்திருக்கின்றன. பழம்பிளவு வழிகாட்டி, நிலத்தின் விரிவு குழம்பளித்தமைக்கு இவை சாட்சி. மேலிருந்த பாறையெல்லாம் மழையாலும் வெயிலாலும் தேய்ந்து போயின. நாம் இன்று காண்பது, அன்றைய குழம்பு நிலத்தினுள்ளே இறுகிக் கிடந்த அடிப்பகுதி.

மடகாஸ்கர் பிரிந்த கதை

இனி நாம் வாழும் மலையாளக் கரைக்கு வருவோம். திருவனந்தபுரத்தின் அடிநிலப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும் உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. ஒருகாலத்தில் வெள்ளநாட்டுப் பக்கம் வெட்டியெடுத்த கிராபைட்டும் அப்பாறைக்குரியதே. இதே வகைப் பாறை இலங்கையிலும், கடல் கடந்த மடகாஸ்கர்த் தீவின் தென்பகுதியிலும் காணப்படுகிறது. இது தற்செயலன்று. இவையெல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்த ஒரே நிலம்.

அந்நிலம் ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விரியத் தொடங்கிப் பிரிந்தது. மடகாஸ்கர் ஒருபுறம் நின்றது. இந்தியா மறுபுறம் நகர்ந்தது. உலகப் படத்தில் மடகாஸ்கரின் கிழக்குக் கரை கோல் வைத்துக் கோடிட்டாற்போல் நேராக இருப்பதையும், நம் மேற்குக் கரையும் பெருவளைவின்றி ஓடுவதையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இரண்டும் ஒரே கிழிசலின் இரு ஓரங்கள்.

கிழிந்தபோது குழம்பும் எழுந்தது. மடகாஸ்கரில் அக்காலத்து எரிமலைப் பாறை பரந்து கிடக்கிறது. நம் பக்கத்திலோ கர்நாடகத்தின் உடுப்பியை அடுத்த மால்பே துறைமுகத்திற்கு எதிரே செயின்ட் மேரீஸ் தீவுகள் உள்ளன. அங்கே ஆறுபட்டைத் தூண்களை அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் பாறைகளைச் சிற்பிகள் செதுக்கவில்லை. குழம்பு ஆறிச் சுருங்குகையில், வறண்ட குளத்துச் சேறு வெடிப்பதைப் போல ஒழுங்காக வெடித்த வடிவமே அது. கேரளத்திலும் கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக ஓடும் கரும்பாறைச் சுவர்கள் பல இடங்களில் நிலத்துள் ஊடுருவி நிற்கின்றன. அவற்றுட் சில மடகாஸ்கர் பிரிந்த காலத்தவை. வேறு சில அதன்பின் வந்த மற்றொரு பெரும் பெருக்கின் காலத்தவை.

அப்பெருக்கு, ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளை மூடிய தக்காண எரிமலைப் பெருக்கு. இன்று எஞ்சியுள்ள பரப்பே ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர். மகாபலேசுவரம் போன்ற இடங்களில் அடுக்கின்மேல் அடுக்காக உறைந்த குழம்பு மலைச்சரிவுகளிற் காணப்படுகிறது. ஆழத்திலிருந்து எழுந்த சூடான பாறைத்தூண் அதற்கு மூலம். அதனையொட்டிய காலத்திலே செய்ஷெல்ஸ் தீவுகளும் இந்தியாவை விட்டுப் பிரிந்தன. பம்பாயிலும் பூனாவிலும் குடியேறிய நம் உறவினர் அந்த உறைந்த குழம்பின் மேலேயே வீடுகட்டி வாழ்கின்றனர்!

இன்று எரியும் ஒரே தீவு

அவ்வாறாயின், நம் நாட்டில் இன்று உயிருள்ள எரிமலை இல்லையா? ஒன்று உண்டு. தமிழர் பலர் வாழும் அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் பாரன் தீவு உளது. 1787ஆம் ஆண்டு முதல் அதன் வெடிப்புகள் பதிவாகியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடங்கி, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கி, 1991இல் மீண்டும் எழுந்தது. 2005இலும் 2017இலும் அதற்குப் பின்னரும் புகையும் குழம்பும் கக்கியது. அங்கே மனிதர் குடியில்லை.

அந்தமானுக்கு மேற்கே இந்தியத் தட்டு கிழக்கேயுள்ள தட்டின் கீழ்ச் சாய்வாகப் புதைந்து செல்கிறது. அது கொண்டுசெல்லும் நீர் ஆழத்துப் பாறையை உருக்குகிறது. அத்துடன், சாய்வாக இழுபடும் நிலம் நெடும்பிளவுகளின் வழியே நழுவி, அந்தமான் கடலின் நடுவே விரிந்தும் வருகிறது. நீரும் விரிவும் பிளவும் ஆகிய மூன்றும் கூடிய இடம் அது. நம் தென்னாட்டு நிலத்தில் இவை கூடவில்லை என்பதே ஆறுதல்.

பிளவு உண்டு, விரிவு இல்லை

பழம்பிளவுகள் நம்மிடம் இல்லாமலில்லை. அச்சன்கோவில் மலைப்பகுதியிலிருந்து தென்காசிப் பக்கமாகச் செல்லும் பிளவு மண்டலம் ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிச் செல்லும் மற்றொரு பெருமண்டலமும் உண்டு. இவை பல கோடி ஆண்டுப் பழமையுடையவை. ஆயினும் இன்று இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து இமயத்தில் மோதி நிற்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் நகர்கின்ற அத்தட்டு மோதலினால் இறுக்கப்படுகிறதேயன்றி இழுக்கப்படவில்லை. கதவு இருக்கிறது, ஆனால் இருபுறமும் நெருக்கி மூடப்பட்டிருக்கிறது. தென்னாட்டு மேலோடோ பெரும்பாலும் 35 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடிமனுடையது. அஃபார்போல் மெலியவுமில்லை, கீழிருந்து குழம்பு ஊறவுமில்லை. ஆதலின் இங்கே எரிமலை எழும் என்று அஞ்சுவதற்கு இன்றைய விஞ்ஞானம் இடமளிக்கவில்லை.

இனி அபிஷேகப்பட்டிச் செய்தியை நோக்குவோம். அங்கே வெளிவந்த உருகிய பொருளை எரிமலையோடும் பழம்பிளவோடும் இணைத்துச் சிலர் கருதினர். மின்கம்பியிலிருந்து கசிந்த மின்சாரம் தரையில் இறங்கி மண்ணை உருக்கியது என்று வேறு ஆய்வாளர் விளக்கினர். இடி விழுந்த மணல் கண்ணாடியாவதும் மின்சாரத்தின் செயலே என்பதை நினைத்தால் இவ்விளக்கம் நமக்கு வியப்பாக இராது. மெய்யான எரிமலை முன்னறிவிப்பின்றி ஒரு கம்பத்தடியில் தலைகாட்டுவதில்லை. நாள்கணக்கில் சிறு பூகம்பங்கள், நிலத்தின் வீக்கம், கந்தகப் புகை ஆகியன பரந்த நிலப்பரப்பில் முன்னே தோன்றுவது வழக்கம். ஆழத்துக் குழம்பின் இரசாயனச் சேர்க்கையும் வேறு. அவ்விடத்து மண்ணின் சேர்க்கையும் வேறு. சோதனைச் சாலையில் அதைக் காட்டிவிடலாம்.

அஞ்சத்தக்கதை அஞ்சுவோம்

இங்கேதான் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் செய்தி உள்ளது. மின்கம்பத்தருகே தரையிலிருந்து புகையோ, பொறியோ, உருகிய மண்ணோ தோன்றினால், அதை எரிமலையென்று எண்ணிக் கூட்டமாகச் சென்று பார்ப்பது உயிருக்கே கேடாகும். அந்நிலத்தில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கக் கூடும். குழந்தைகளை அப்பால் அழைத்துச் சென்று, மின்சார வாரியத்துக்கு உடனே தெரிவிப்பதே செய்யத்தக்கது. இல்லாத எரிமலைக்கு அஞ்சி, இருக்கும் மின்சாரத்தை அஞ்சாதிருத்தல் அறிவுடைமையாகாது.

இரண்டாவதாக, இறுக்கப்பட்ட பழம்பிளவுகள் குழம்பைக் கக்காவிடினும் சிற்சில வேளை அசைவதுண்டு. 1900ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் நாள் கோவைப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவுள்ள பூகம்பம் நேர்ந்தது. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கோட்டயம் மாவட்டத்து ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் 5 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டுக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பரவலாக உணரப்பட்டது. அத்தகைய நடுக்கங்களின்போது, "அடுத்து எரிமலைதான்" என்று ஓடுவதில் பயனில்லை. உறுதியான மேசையின் கீழே புகுந்து தலையைக் காத்துக்கொள்வதும், மின்தூக்கியில் ஏறாதிருப்பதும், நடுக்கம் நின்றபின் வெட்டவெளிக்கு வருவதும் போதுமானவை. புதிதாக வீடு கட்டுவோர் தூண்களையும் உத்தரங்களையும் நன்கு பிணைத்துக் கட்டச் செய்தல் அதனினும் நன்று.

மேலும் ஒரு வேண்டுகோள். எரிமலைச் செய்தி எதுவும் காதுக்கு எட்டினால், ஊரில் இருக்கும் முதியோருக்குத் தொலைபேசியில் அதைச் சொல்லிக் கலங்கச் செய்யுமுன், மூன்று வினாக்களை நமக்குள்ளே கேட்டுக்கொள்வோம். அங்கே நிலம் விரிகிறதா? கீழே புதையும் தட்டோ எழுந்து வரும் சூட்டுத்தூணோ உண்டா? முன்னறிவிப்பான நடுக்கங்களும் வாயுக்களும் காணப்பட்டனவா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால், அச்செய்தியை அம்மட்டில் நிறுத்துவதே நன்று.

பிழைப்பை நாடி ஒரு நிலத்தை விட்டு மற்றொரு நிலத்திற்கு வந்தவர்கள் நாம். நாம் வந்து சேர்ந்த இக்கரையும் ஒரு காலத்தில் தன் உடன்பிறந்த நிலத்தை விட்டுப் பிரிந்து வந்ததே. பிரிந்தபோது எழுந்த நெருப்பு அணைந்து கோடி ஆண்டுகள் பல ஆயின. அது கல்லாக உறைந்து கிடக்கும் இடங்களை, விடுமுறை நாட்களில் மால்பேக்கோ ஏலகிரிக்கோ செல்லும்போது நம் பிள்ளைகளுக்குக் காட்டி, அதன் வரலாற்றையும் எடுத்துரைப்போமாக. அறிந்த நெஞ்சில் வீண் அச்சம் குடிபுகாது.